மறியலில் நின்ற வேன்

1

இந்தக் கதையை நானாகத் தொடங்கவில்லை. விவசாயிகள் சங்கச் செயலாளர் கேட்டார். சங்கத் தலைவராக இருந்த என் மாமனார் இறந்துவிட்டார். நினைவு மலர் போடுகிறார்கள். "நீங்க படிச்சவரு. அந்த மறியல் சம்பவத்த எழுதிடுங்க, போதும்."

முதல் தொடக்கம்: 'மண்ணோடு பிறந்து மக்களோடு வளர்ந்த அந்த மாமனிதர்…'

வேண்டாம். இதைக் கேட்டால் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட எழுந்து போயிருப்பார்.

2

மூன்று தலைமுறையாகச் சங்கம் அவர் வீட்டு முன்னறையில்தான் நடந்தது. நான் முதன்முதலில் போனபோது நாற்காலியிலிருந்த விதை மூட்டையை இறக்கி வைத்து உட்காரச் சொன்னார். "சொல்லுங்க தம்பி, என்ன பிரச்சினை? தண்ணியா, வரப்பா?"

உள்ளேயிருந்து அவள் சொன்னாள்: "அப்பா, அவரு என்னோட பிரச்சினை."

(என் மனைவி. இந்தக் கதையில் அவளுக்கு இந்த ஒரு பேச்சுத்தான். இன்னொன்று கொடுத்தால் கதை அவளுடையதாகிவிடும்.)

3

சம்பவம். வாய்க்காலில் தண்ணீர் கேட்டு அவர் அறிவித்த சாலை மறியல். அன்று காலை மருத்துவமனையில் அவள் இறந்தாள். உடலை வேனில் கொண்டுவந்தோம். அவருடைய ஆட்கள் போட்டிருந்த மரங்கள் எங்களை நிறுத்தின. உள்ளே எட்டிப் பார்த்தவர்கள் மரங்களை அகற்ற ஓடினார்கள்.

வேனுக்குள் ஏறியிருந்த மாமனார் கையை உயர்த்தினார். "இருக்கட்டும் விடுங்கப்பா," என்றார். "ஆம்புலன்ஸுக்குத்தான் வழின்னு நாமதான சொன்னோம். இது ஆம்புலன்ஸ் இல்ல."

மாலையில் அதிகாரி வந்து சம்மதிக்கும்வரை வேன் நகரவில்லை.

4

"பொண்ணு நடுரோட்டுல கெடக்குறா, இவருக்குக் கொள்கை," என்றார் அத்தை, அவர் மனைவி. அதற்குப் பிறகு அவரோடு பேசவில்லை. தட்டை வைப்பார், போய்விடுவார். கடைசிவரை அப்படித்தான். என்னிடம் மட்டும், "மாப்பிள்ளை, சாப்பிட்டீங்களா?"

அந்த வீட்டைத் தவிர எனக்குப் போக இடமில்லை.

5

அவர் கையை உயர்த்தியது வழிவிடச் சொல்லத்தான். அந்தக் கையை நான் பிடித்து இறக்கினேன்.

"மாமா, வீட்டுக்குப் போனா எல்லாரும் சூழ்ந்துக்குவாங்க. கொஞ்ச நேரம் எங்கிட்ட இருக்கட்டும்."

என்னைப் பார்த்தார். பிறகுதான் அந்த ஆம்புலன்ஸ் வாக்கியம். [இங்கே ஓர் உவமை இருந்தது. எடுத்துவிட்டேன்.] இறங்கி, கதவைச் சாத்திவிட்டு, வெயிலில் நின்றார். உள்ளே நானும் அவளும்.

அத்தை திட்டியபோது அவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

6

முடிவுகள்.

நான்காம் பகுதிக்கு முன்பே நிறுத்திவிடலாம். சங்கம் கைதட்டும்.

வெயிலில் நின்று அழுதார் என்று எழுதலாம். அத்தைக்கு ஆறுதல். ஆனால் நான் பார்க்கவில்லை, கதவு சாத்தியிருந்தது.

நடந்ததையே கொடுக்கலாம். அத்தை அவரை மன்னிப்பார். என்னை…

அத்தை மூக்குக்கண்ணாடி கிடைக்காமல் எதிரே வந்து உட்கார்ந்திருக்கிறார். "நீங்களே படிங்க மாப்பிள்ளை. அந்த மனுஷன என்னன்னுதான் எழுதியிருக்கீங்க, கேப்போம்."

நான்கு பகுதிகள் படித்துவிட்டேன்.

"ஆமா, பேசலதான்," என்கிறார். "அப்புறம்?"

ஐந்தாவதை நீங்கள் படித்தாகிவிட்டது. அத்தை இன்னும் அதைக் கேட்கவில்லை. படிக்கவா, வேண்டாமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.