மெர்வி இடமாக, எஸ்கோ வலமாக

1

இந்தக் கதை என்னுடையதல்ல. அடுத்த வீட்டு எஸ்கோவும் அவன் மனைவி மெர்வியும் போன செப்டம்பரில், ஒரே வாரத்தில், ஆளுக்கொரு நாளாக என் சமையலறையில் வந்து உட்கார்ந்து, காப்பி ஆறும்வரை பேசிவிட்டுப் போன கதை. எழுந்து போகும்போது இருவரும் ஒன்றையேதான் சொன்னார்கள்.

"நீதான் உங்க பாஷையில என்னமோ எழுதிட்டிருக்கியே வாணி, வேணும்னா எழுதிக்கோ. இங்க எவன் படிக்கப் போறான்?"

நியாயம்தான். பின்லாந்தின் வடகோடியில் இருக்கும் இந்த ஊரில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி. ஆகவே வெட்கமில்லாமல் ஊர்வம்பைத் தொடங்குகிறேன்.

2

முதல் தொடக்கம்: "இலைகள் சிவந்து எரியும் மலைச்சரிவில் இரண்டு உருவங்கள்..."

வேண்டாம். ஜவுளிக்கடை நாட்காட்டி மாதிரி இருக்கிறது.

இரண்டாவது: "பிரிவு என்பது ஒரு மலையைப் போன்றது, அதில்..."

எதில்? எனக்கே தெரியவில்லை. அடித்துவிட்டேன்.

மூன்றாவது: "ஒரு நாய்க்காக இரண்டு பேர் மலையைச் சுற்றி ஓடினார்கள்."

இதைப் படித்தால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள், ஆனால் இதுதான் நடந்தது, இதையே வைத்துக்கொள்கிறேன்.

இருபத்துச் சொச்சம் வருடம் சேர்ந்து வாழ்ந்துவிட்டு அவர்கள் பிரிவதென்று முடிவெடுத்தார்கள். சண்டை இல்லை, வேறு ஆள் இல்லை. (காரணம் கேட்காதீர்கள். கேட்டேன். "பேச்சு தீர்ந்துபோச்சு" என்றான் எஸ்கோ. அவன் எப்போது பேசினான் என்று எனக்குத் தெரியாது.) வீடு, படகு, பனிவண்டி எல்லாவற்றையும் ஒரே சாயங்காலத்தில், குரல் உயராமல் பிரித்துக்கொண்டார்கள். நாய் பெனியிடம் வந்ததும் நின்றுபோயிற்று.

பெனி கலைமான் மேய்க்கும் சாதி. கருப்பு உடம்பு, ஒரு காது மட்டும் பழுப்பு. மெர்வி தெற்கே ஓவ்லு நகரத்துக்குக் குடிபோகிறாள். காரில் ஒரு முழுப் பகல். பாதி நாள் இங்கே, பாதி நாள் அங்கே என்றெல்லாம் முடியாது. யாரிடம் பெனி போகவில்லையோ, அவருக்கு இனிப் பெனி இல்லை.

"எனக்குக் கொடு" என்று கேட்க இருவருக்கும் வாய் வரவில்லை. அதனால் ஓடுவதென்று தீர்மானித்தார்கள்.

3

ஓட்டம் அவர்களுக்குப் புதிதல்ல. ஏரிக்கரை வண்டி நிறுத்துமிடத்தில் தொடங்கி, சதுப்பைத் தாண்டி, உருளைக்கல் சரிவு ஏறி, மொட்டை முகட்டின் வழியாக இறங்கி, அதே இடத்துக்குத் திரும்பும் சுற்று. ஊர்க்காரர்கள் இரண்டு நாளில் நடப்பார்கள். இவர்கள் ஒவ்வோர் இலையுதிர்காலமும் ஒரே பகலில் சேர்ந்து ஓடி முடிப்பார்கள்.

சேர்ந்து என்றால், எஸ்கோவின் திசையில். செங்குத்தை முதலில் முடித்துவிட வேண்டும் என்பது அவன் கட்சி. கடைசிக்கு வைத்தால்தான் கால் பழகியிருக்கும் என்பது மெர்வியின் கட்சி. ஒரு வருடம்கூட அவள் கட்சி ஜெயித்ததில்லை.

இந்த முறை ஆளுக்கொரு திசை. யார் முதலில் வந்து தகவல் பலகையைத் தாண்டுகிறாரோ அவருக்குப் பெனி. நடுவர் நான்.

"நீ ஓடவே மாட்ட," என்றாள் மெர்வி. "அதனால யார் பக்கமும் சாய மாட்ட."

(நம்மூரில் மலையை வலம்தான் வருவோம். எதிரே ஒருவர் வந்தால், பாவம், வழி தெரியாதவர் என்று திருப்பிவிடுவோம். எஸ்கோ வலமாகக் கிளம்பினான், மெர்வி இடமாக. எனக்கு உள்ளுக்குள் உறுத்தியது. அவர்களிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன்.)

4

இனி வருவதை நான் பார்க்கவில்லை. நான் பெனியோடு கீழே நின்றிருந்தேன். இருவரும் சொன்னதில் ஒத்துப்போகும் பகுதியை மட்டும் தருகிறேன்.

பாதி வழியில் ஒரு பூட்டில்லாக் குடில் உண்டு. எங்கள் மலைகளில் இந்தக் குடில்களுக்கு இரண்டு வழக்கம். கடைசியாக வருபவருக்கே இடம், முன்னால் வந்து இளைப்பாறியவர் எழுந்து கொடுக்க வேண்டும். கிளம்புகிறவர் அடுத்தவருக்கு விறகு பிளந்து அடுப்படியில் வைத்துவிட்டுப் போக வேண்டும். ஊரில் எவ்வளவு கெட்டவனும் இந்த இரண்டையும் மீறமாட்டான்.

மத்தியானம் பனிமழை பிடித்துக்கொண்டது. எஸ்கோ ஓடையில் வழுக்கி விழுந்து, இடுப்புவரை நனைந்து, குடிலில் அடுப்பு மூட்டி உட்கார்ந்திருந்தான். கதவு திறந்தது. மெர்வி. விரல்கள் விறைத்துப்போய் மேலங்கியின் ஜிப்பைப் பிடிக்க முடியவில்லை.

"எழுந்திரு கிழவா. கடைசியா வந்தது நான். இடம் எனக்கு."

"ஆறு பேர் படுக்கிற இடம் கிழவி இது."

"வழக்கம்னா வழக்கம்தான்."

"முதல்ல இப்படி வா. ஜிப்பைக் கழட்டறேன்."

"அது உதவி. போட்டியில உதவி கூடாது."

"அப்படி விதி எதுவும் போடலையே."

"இப்ப போடறேன்."

"போடு, போடு. கையைத் தூக்கு."

அவள் கையைத் தூக்கினாள். அவன் ஜிப்பைக் கழற்றி, அவளை அடுப்பருகே உட்கார வைத்துவிட்டு, விறகு பிளக்க வெளியே போனான்.

5

இந்த இடத்தில்தான் இரண்டு கதைகளும் முட்டிக்கொள்கின்றன.

எஸ்கோ: "நாலு கட்டை பிளந்தேன். கோடாலி மழுங்கல், அதான் நேரமாச்சு."

மெர்வி: "நாலா? ஒரு குளிர்காலத்துக்குக் காணும்! நான் சூடாகி, சாப்பிட்டு, காலுறை மாத்தி, வெளிய வர்றேன், அப்பவும் பிளந்துட்டிருக்கான். 'நம்ம வீட்டுல இந்த அக்கறை காமிச்சிருக்கலாம்'னேன். திரும்பிப் பார்க்கல."

எஸ்கோ என்ற பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது இங்கேதான். மூன்று சொல் சேர்ந்தாற்போல் பேசாதவன், அவளை முந்தவிடுவதற்காக விறகு பிளந்தானா? கதை எழுதுகிறவளுக்கு இது ரொம்ப வசதி. வசதியாக இருப்பதை நான் நம்புவதில்லை. அடுத்த வாரம் மூச்சு வாங்க வாங்க அந்தக் குடில்வரை நடந்தே போனேன். விறகையெல்லாம் யாரோ எரித்துவிட்டிருந்தார்கள். கோடாலி இருந்தது. ஒரு கட்டையில் போட்டுப் பார்த்தேன், ஒரே வெட்டில் பிளந்தது.*

* இடையில் வந்த யாரோ தீட்டி வைத்திருக்கலாம். எஸ்கோவுக்கு நான் செய்யும் நியாயம் இவ்வளவுதான்.

6

முடிவுகள்.

(அ) மெர்வி முதலில் வருகிறாள், பெனியோடு ஓவ்லு போகிறாள். எழுதிப் பார்த்தேன். எஸ்கோவின் காலி வாசல் வந்ததும் பேனா நின்றது.

(ஆ) எஸ்கோ முதலில் வருகிறான். மெர்வி அடுக்குமாடி வீட்டில் தனியாக... இதுவும் நின்றது.

(இ) சமாதானமாகி மறுபடி சேர்ந்து வாழ்கிறார்கள். இது பொய். விவாகரத்துத் தாள் போன மாதம் வந்தது. மெர்வியின் சாமான்களைக் கட்ட நானும் கைகொடுத்தேன்.

நடந்தது என்னவென்றால், குடிலிலிருந்து ஆளுக்கொரு பக்கம் பிரிந்து போனவர்களில் ஒருவர் பாதியில் திரும்பிவிட்டார். மற்றவரைத் துரத்திப் பிடித்து, "கையுறையைக் குடிலிலயே விட்டுட்டேன்" என்று காரணம் சொன்னார். அப்புறம் இருவரும் ஒரே பாதையில் இறங்கினார்கள். திரும்பியவருக்குச் சுற்று முடியவில்லை, ஆகவே தோல்வி.

துரத்திப் பிடிக்கப்பட்டவர் என்னிடம் சொன்னது: "ரெண்டு கையிலயும் கையுறை இருந்துச்சு வாணி. நான் ஒண்ணும் கேட்டுக்கல."

திரும்பியவர் என்னிடம் சொன்னது: "நான் ஜெயிச்சு பெனியைக் கூட்டிட்டுப் போறேன்னு வை. வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் அது இன்னொரு ஆளைத் தேடி ஒவ்வொரு ரூமா போய்ப் பார்க்கும். அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்ல."

அவர் அப்போது அழுதார். கொஞ்ச நேரம் கழித்து நானும் அழுதேன்.

யார் என்று சொல்லிவிடத்தான் இருந்தேன். ஆனால் போன வாரம் மெர்வி தொலைபேசியில் பேசும்போது பெருமையடித்தாள். நான் கொடுத்தனுப்பிய சாம்பார்பொடிப் பொட்டலத்தின்மேல் தன் கைபேசியைக் காட்டினாளாம், தமிழெழுத்தையெல்லாம் அது பின்னிஷில் படித்துச் சொல்லிவிட்டதாம். "இனிமே நீ என்னை என்ன திட்டி எழுதினாலும் கண்டுபிடிச்சுடுவேன்!" என்றாள். இங்கே எவன் படிக்கப்போகிறான் என்ற காலம் முடிந்தது. ஒருவருக்கொருவர் சொல்லாமல் என்னிடம் விட்டுவிட்டுப் போனதை நான் காட்டிக்கொடுக்கக் கூடாது.

7

அதனால் நீங்களே வாருங்கள். ஏரிக்கரை, வண்டி நிறுத்துமிடம், பனிமழை விட்டிருக்கிறது. பெனி முதலில் காதைத் தூக்கியது, அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. இருவரும் ஒரே பாதையில் வருகிறார்கள். ஓடவில்லை, நடக்கிறார்கள். நடுவில் இன்னோர் ஆள் நடக்கும் அளவு இடைவெளி.

தகவல் பலகைக்கு நாலு எட்டு இருக்கும்போது ஜெயிக்க வேண்டியவர் நின்றுவிட்டார். மற்றவரும் நின்றார்.

"போ," என்றார் ஒருவர். "தாண்டு. உன்னுதுதான்."

"நீ போ."

"நான் பாதியில திரும்பினவ(ன்)..." (மன்னியுங்கள், கை தவறப் பார்த்தது.)

யாரும் நகரவில்லை. பெனி பின்னங்காலில் எழும்பி நின்று கயிற்றை இழுக்கிறது. சத்தமில்லை, மூச்சு மட்டும்.

"கயிற்றை விடு வாணி," என்றது ஒரு குரல்.

"விடாத!" என்றது இன்னொன்று.

இரண்டு முகங்களையும் பார்த்தேன். விட்டால் பெனி யாரிடம் ஓடும் என்று அவர்களுக்கும் தெரியவில்லை, அதற்கு இருவருமே பயந்தார்கள். நான் அப்புறம் என்ன செய்தேன் என்பது எங்களோடு இருக்கட்டும். எழுத ஆரம்பித்ததிலிருந்து நான் அங்கேதான் நிற்கிறேன், பெனி இழுத்துக்கொண்டே இருக்கிறது, மணிக்கட்டு கடுக்கிறது.

இந்தாருங்கள், கொஞ்சம் பிடியுங்கள்.