போனவரின் முத்திரை

பதினாறு பேர் செய்த வேலையை ஏழு பேர் செய்தால் என்ன ஆகும்? ஒருவர் மேல் ஒருவர் எரிந்து விழுவோம். நான் கொஞ்சம் கூடுதலாகவே விழுவேன். அன்று விடிந்ததிலிருந்து போர் விமானத்தின் வயிற்றுக்கு அடியில் படுத்து, சக்கரத்தை இறக்கும் எண்ணெய்க் குழாயை மாற்றிக்கொண்டிருந்தேன். புதுக் குழாய் கேட்டு எட்டு மாதமாகிறது. வந்தால்தானே? கொட்டகை மூலையில் நிற்கும் விமானத்திலிருந்து கழற்றி மாட்டினேன். அதற்கு நாங்கள் வைத்த பெயர் 'வள்ளல்'. கொடுத்துக் கொடுத்தே எலும்பும் தோலுமாகிவிட்டது.

வேலை செய்தவர் கையெழுத்துப் போட வேண்டும்; இன்னொருவர் சரிபார்த்து முத்திரை வைக்க வேண்டும். செய்தவரே சரிபார்க்கக் கூடாது. எங்களிடம் முத்திரை இருந்தது இரண்டே பேருக்கு: எனக்கும், பூதக்கண்ணாடி என்று நாங்கள் கூப்பிடும் மூத்த மெக்கானிக்குக்கும். அந்த மனுஷன் போன மாதம் பயணிகள் விமானக் கம்பெனிக்குப் போய்விட்டார். அவர் ஒப்படைத்த முத்திரையை வாங்கிப் பூட்டி வைக்க வேண்டிய எழுத்தரும் போய்ச் சேர்ந்த இடம் அதுவே. முத்திரை என் மேஜை இழுப்பறையில் கிடந்தது.

நான் குழாய் மாட்டிய விமானத்தில் பத்து மணிக்குப் பறக்க வேண்டியவன் என் கணவரின் தம்பி. தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குட்டி போட்ட பூனை மாதிரி அலைந்தான்.

"அண்ணி, முடிஞ்சுதா இல்லையா? இன்னிக்குப் பறக்கலைன்னா, நான் கடைசியா பறந்து முப்பது நாள் தாண்டிடும். மறுபடி பரீட்சை. அத வைக்கிற ஆளும் இல்ல. ஆறு மாசம் நாற்காலியத் தேய்க்கணும்."

"கத்தாதடா. பார்த்துட்டுதானே இருக்கேன்."

கமாண்டர் வேகமாக வந்தார். "எட்டு விமானம் தயார்னு மேலிடத்துக்கு எழுதியாச்சும்மா. இது ஒண்ணுதான் பாக்கி. போனவரு முத்திரைய வைங்க. எப்பவும் வைக்கிறதுதானே."

இழுப்பறையிலிருந்து எடுத்தேன். பதிவேட்டுக்கு மேலே கை போனது, இறங்கவில்லை. குழாயை இறுக்கியது மூன்று நாளாகச் சரியாகத் தூங்காத கை.

"முடியாது சார். இவன் எங்க வீட்டுப் பிள்ளை."

கொழுந்தன் அலைவதை நிறுத்தினான்.

"எப்பவும்னு சொன்னாரே. அப்ப மத்தவங்க விமானத்துக்கெல்லாம் வச்சீங்களா அண்ணி?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு.

"அஞ்சுக்கு வச்சேன்டா."

வெளியே ஓர் இயந்திரம் உறுமியது. அந்த ஐந்தில் ஒன்று ஓடுபாதைக்கு நகர்ந்துகொண்டிருந்தது. "நில்லுங்கம்மா!" என்று கமாண்டர் கத்தக் கத்த ஓடினேன். வழிக்கு நடுவே நின்று, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே குறுக்காகப் பிடித்தேன். விமானம் நின்றது. இரைச்சல் அடங்கியது.

மேலே விமானி அறையின் கண்ணாடி மூடி திறந்தது. படைப்பிரிவின் விமானிகளிலேயே இளையவள், எப்போதும் சிரித்த முகம்.

"என்னக்கா, ஏதாவது கோளாறா? நீங்க நிறுத்தினா காரணம் இருக்கும்."

எனக்கு மூச்சு வாங்கியது. அழுகையும் வந்தது.

"இறங்கிடும்மா. இத ரெண்டு பேர் பார்க்கல. நான் ஒருத்திதான் பார்த்தேன். அவரு முத்திரையையும் நான்தான் வச்சேன்."

சிரிப்பு போய்விட்டது. சக்கரத்தைக் குனிந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"போன வாரம் நான் பறந்தப்பவுமா?"

"அப்பவும்தாம்மா."