சாரக்காவின் சுருதி

கீசர் பழுது பார்க்கும் கம்பெனி ஒன்றில் போன் எடுப்பது அவள் வேலை. காலையில் ஹெட்போனை மாட்டினால் சாயங்காலம் வரை, "வணக்கம், சொல்லுங்க" தான். எதிர்முனையில் பேசுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அவளை "சார்" என்பார்கள். குரல் அப்படி. கனத்த குரல், அடிவயிற்றிலிருந்து வரும். "சார், தண்ணி சூடே ஆகல சார்" என்று புலம்புவார்கள். அவளும் திருத்த மாட்டாள். திருத்தினால் மன்னிப்புக் கேட்பார்கள், மன்னிப்புக் கேட்டால் தண்ணீர் சூடாகிவிடுமா என்ன? ஆபீசிலும் கொஞ்ச நாள் கிண்டலாக "சார்" என்றே கூப்பிட்டார்கள். பில்லிங் பிரிவில் இருக்கும் பெண்தான் அதோடு ஓர் அக்காவையும் ஒட்டி "சாரக்கா" ஆக்கினாள். அதுவே நிலைத்துவிட்டது.

சாரக்காவுக்குப் பாட்டு என்றால் உயிர். ஆனால் பாட வராது. வராது என்று அவள் கணவர் சொல்லியிருந்தார். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவளும் விட்டுவிட்டாள், ஏனென்றால் அவர் நன்றாகப் பாடுவார். அதில் யாரும் குறை சொல்ல முடியாது. நண்பர்கள் அவருக்குப் பாகவதர் என்றே பெயர் வைத்திருந்தார்கள். வீட்டுக்குக் கரோக்கி பெட்டி வந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கச்சேரி நடக்கும்.

ஜோடிப் பாட்டுக்கு ஜோடி வேண்டுமே, அதற்கு மனைவி. பல்லவி ஒழுங்காகப் போகும். பரவாயில்லையே என்று அவளே நினைத்துக்கொள்வாள். சரணம் வந்து பெண் குரல் மேலே ஏறும் பாருங்கள், அங்கேதான் மாட்டிக்கொள்வாள். கழுத்து நரம்பு புடைக்கும், குரல் பிளக்கும், கீச்சென்று ஒரு சத்தம் வரும். வந்திருப்பவர்கள் சிரிப்பார்கள். பாகவதர் பெரிய மனது பண்ணி அவள் கையிலிருந்து மைக்கை வாங்கி அவள் வரிகளையும் தானே பாடி முடிப்பார். "உனக்குக் கேள்வி ஞானம் இருக்கு. பாட்டு வரல, அவ்வளவுதான். அதுக்கென்ன இப்போ" என்பார். அன்பாகத்தான் சொல்வார், அதுதான் கொடுமை. வைதிருந்தால் அவளும் திருப்பி ஒரு பிடி பிடித்திருப்பாள்.

அந்தப் பெட்டியில் சுருதியை ஏற்றி இறக்க ஒரு பட்டன் உண்டு. அதை யாரையும் தொட விடமாட்டார். அசல் பாட்டு எந்தச் சுருதியில் இருக்கிறதோ அதில்தான் பாட வேண்டும், இறக்கிப் பாடுவது பித்தலாட்டம் என்பது அவர் கட்சி. அவர் குரலுக்கு அசல் சுருதி தைத்துப் போட்ட சட்டை மாதிரி பொருந்தும். அப்புறம் பேச என்ன கஷ்டம்?

இப்படியே போயிருக்கும். ஆபீஸ் ஆண்டு விழாவில் பெண்கள் எல்லோரும் ஆளுக்கு ஒரு பாட்டுப் பாட வேண்டும் என்று மேனேஜர் கிளப்பிவிட்டார். பில்லிங் பெண் பொறுப்பை இழுத்துப் போட்டுக்கொண்டாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், ஸ்பேர் பார்ட்ஸ் அடுக்கி வைத்திருக்கும் அறையில், வாடகைக்கு எடுத்த ஒரு கரோக்கி பெட்டியோடு ஒத்திகை.

முதல் நாள் கர்ண கடூரம். ஆளாளுக்குத் தனக்குப் பிடித்த பாட்டைக் கொண்டு வந்திருந்தார்கள். பிடித்த பாட்டெல்லாம் பாடகிகள் உச்சாணியில் நின்று பாடிய பாட்டு. எல்லோரும் ஜோராக ஆரம்பித்துச் சரணத்தில் கவிழ்ந்தார்கள். ஒருத்திக்கு இருமல் வந்தது, ஒருத்திக்குச் சிரிப்பு வந்தது, ஸ்டோர் கீப்பரம்மா உதட்டை மட்டும் அசைத்து ஒப்பேற்றினாள். மூலையில் உட்கார்ந்திருந்த சாரக்காவுக்கு ஒரே ஆச்சரியம். இத்தனை நாளும் அந்தக் கீச்சுச் சத்தம் தனக்கு மட்டுமே சொந்தம் என்றல்லவா நினைத்திருந்தாள்.

"பல்லவியைப் பார்த்துப் பாட்டு எடுத்தா இப்படித்தான் ஆகும்" என்றாள் பில்லிங் பெண். "பொண்ணு பார்க்க வர்றப்ப எந்த மாப்பிள்ளையாவது மோசமாப் பேசியிருக்கானா? சரணத்தை முதல்ல பாடிப் பாருங்க."

அன்றிலிருந்து அதுவே சட்டம் ஆயிற்று. பாட்டை நடுவில் திறந்து, இருப்பதிலேயே மேலே ஏறும் வரியை முதலில் பாட வேண்டும். மாடியில் விளையாடும் பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரலில் அந்த வரி வந்துவிட்டால் பாட்டை எடுத்துக்கொள்ளலாம். கரப்பான்பூச்சியைக் கண்டால் வருகிற குரலில்தான் வரும் என்றால் பட்டனை அழுத்திச் சுருதியை இறக்க வேண்டும். இறக்கியும் சரிப்படவில்லை என்றால் கை கழுவிவிட்டு வேறு பாட்டு. கரப்பான் பாட்டு என்றே அதற்குப் பெயர் விழுந்தது. ஸ்டோர் கீப்பரம்மா ஆசை ஆசையாகக் கொண்டு வந்ததெல்லாம் கரப்பான் பாட்டாகப் போய், கடைசியில் ஒரு தாலாட்டு மாட்டியது. அவ்வளவு அழகாகப் பாடினாள்.

சாரக்காவின் முறை வந்தபோது அவள் நழுவப் பார்த்தாள். தனக்குப் பாட்டு வராது என்றாள். யார் சொன்னது என்று பில்லிங் பெண் கேட்டாள். வீட்டுக்காரர் சொன்னார் என்று இவள் சொல்ல, அவள் மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் மைக்கைக் கையில் திணித்தாள்.

ஆண் பாட்டு ஒன்றை முதலில் பார்த்தார்கள். அது அதலபாதாளத்தில் கிடந்தது, தாடை நெஞ்சில் போய் இடித்தது. அப்புறம் ஒரு பெண் பாட்டு. ஒரு படி இறக்கினார்கள், இன்னொரு படி இறக்கினார்கள், போதும் போதும் என்று மற்றவர்கள் சொல்லச் சொல்ல இன்னும் இறக்கினாள் பில்லிங் பெண். சாரக்கா வழக்கம்போலக் கழுத்தை இறுக்கிக்கொண்டு அந்த உச்ச வரிக்குள் நுழைந்தாள். ஒன்றும் ஆகவில்லை. குரல் ஏறியது, அங்கே நின்றது, தானாக இறங்கியது. சாரக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. சாயங்காலம் வரை "சார்" என்று கூப்பிட்டவர்களிடமெல்லாம் தேவைக்கு மேல் அன்பாகப் பேசினாள்.

ஆண்டு விழா வந்தது, பாடினாள், கைதட்டினார்கள். ஆனால் அவள் மனது அதில் நிறையவில்லை. வீட்டு மனிதர்கள் முன்னால் பாட வேண்டும். அவர் உட்கார்ந்திருக்க, கீச்சென்று கிழியாமல், ஒரே ஒரு பாட்டை முதலிலிருந்து கடைசி வரை பாடிவிட வேண்டும். அது ஒன்றுதான் வேண்டும் அவளுக்கு. வெளியே சொன்னால் இதெல்லாம் ஒரு ஆசையா என்பார்கள். ராத்திரி படுத்தால் தூக்கம் வரவில்லை, அவ்வளவு பெரிய ஆசை.

அவர்கள் கல்யாண நாளுக்கு நாத்தனார்தான் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் கரோக்கி அறை ஒன்றைப் பிடித்தாள். அவள் அழகு நிலையம் நடத்துகிறவள், வாய்த்துடுக்கு அதிகம். சாரக்கா அவளிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னாள். ஜோடிப் பாட்டைத்தான் அண்ணன் எடுப்பார், பட்டனில் கை வைத்தால் குதிப்பார் என்று நாத்தனாருக்கும் தெரியும். "ரிமோட் என் கையில இருக்கும் அண்ணி, நீங்க கவலைப்படாதீங்க" என்றாள்.

அறை சின்னது. சுவரெல்லாம் மெத்தை தைத்து, ரெக்சின் சோபா போட்டு, ஏசியைக் குளிரக் குளிர வைத்திருந்தார்கள். பாகவதர், சாரக்கா, நாத்தனார், மகள், நாலே பேர். பாகவதர் தன் பாட்டு இரண்டைப் பாடி முடித்துவிட்டு, வழக்கமான ஜோடிப் பாட்டைத் திரையில் தொட்டார். நாத்தனார் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தபடி ரிமோட்டை அழுத்து அழுத்தென்று அழுத்தினாள்.

இசை ஆரம்பித்ததுமே அவர் புருவம் சுருங்கியது. முதல் வரி அவருடையது. பாடினார். பாடினார் என்ன, தேடினார். குரல் தரைக்குப் போய் அங்கேயும் இடம் கிடைக்காமல் உறுமியது. இரண்டாவது வரியில் வெறும் காற்றுதான் வந்தது. மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வாயைப் பொத்திக்கொண்டாள். மெஷினில் ஏதோ கோளாறு, ஆளைக் கூப்பிடு என்றார் பாகவதர்.

"கோளாறு இல்லைங்க. நான்தான் இறக்கச் சொன்னேன்."

"எதுக்கு? எனக்கு எட்டவே இல்லையே. இப்படி வெச்சா மனுஷனால எப்படிப் பாட முடியும்?"

"எனக்கு இவ்வளவு நாளும் அப்படித்தான் இருந்துச்சு."

பாட்டில்லாமல் இசை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நாத்தனார் ரிமோட்டைப் பார்த்தபடி இருந்தாள், வாய்த்துடுக்கெல்லாம் எங்கே போயிற்றோ. பாகவதர் தொண்டையைச் செருமினார்.

"சொல்லியிருக்கலாமில்ல?"

"பாட்டு வராதுன்னு நீங்க சொன்னீங்க. நான் நம்பிட்டேன்."

போனில் புகார் எழுதிக்கொள்கிற அதே நிதானத்தில்தான் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. அவர் முகம் சுண்டிவிட்டது.

அதற்குள் சரணம் வந்துவிட்டது, அது யாருக்காகக் காத்திருக்கும்? சாரக்கா திரையைக்கூடப் பார்க்கவில்லை, வரியெல்லாம் மனப்பாடம். பாடினாள். மேலே ஏறுகிற இடம் வந்தது, ஏறினாள், நின்றாள், அவசரப்படாமல் இறங்கினாள். ஆண் குரல் வர வேண்டிய இடத்தில் யாரும் பாடவில்லை என்றதும் அதையும் ஒரு ஸ்தாயி மேலே தூக்கித் தன் குரலுக்குச் சேர்த்துப் பாடினாள். பாடும்போதே சந்தோஷமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. வீணாய்ப் போன ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தால் கோபம் வராமல் என்ன செய்யும்? ஆனால் குரல் ஓர் இடத்தில்கூடக் கிழியவில்லை.

பாட்டு முடிந்ததும் மகள் வந்து கட்டிக்கொண்டாள். "இந்தக் குரலை இவ்வளவு நாளா எங்கம்மா வெச்சிருந்தே?" என்று கேட்டாள். கீசர் கம்பெனியில் என்று சொல்ல வந்து, சிரிப்பும் அழுகையுமாக வார்த்தை வரவில்லை சாரக்காவுக்கு.

பாகவதர் கொஞ்ச நேரம் மைக்கை உருட்டிக்கொண்டிருந்தார். தப்பு என்று சொல்லும் பழக்கம் அவருக்குக் கிடையாது. எழுந்து வந்து தங்கையின் கையிலிருந்த ரிமோட்டை வாங்கி மனைவியிடம் நீட்டினார்.

"அடுத்த பாட்டை நீயே எடு" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "எனக்கும் எட்டுற மாதிரி பார்த்து எடு" என்றார்.

சாரக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள். பாவமாகத்தான் இருந்தது.

"அடுத்த வாரம் பார்க்கலாங்க" என்றாள். ஆண் குரலே இல்லாத பாட்டாக ஒன்றைத் தேடி எடுத்தாள்.