ஆரத்திக்குச் சுண்ணாம்பு இல்லை

மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைப் போட்டால் சிவக்கும். ஆரத்தி கரைக்கிற எல்லா வீட்டிலும் தெரிந்த சங்கதி. ஆனால் வேதி மாற்றத்துக்கு உதாரணம் கேட்டால் எங்கள் பள்ளிப் பிள்ளைகள் இரும்பு துருப்பிடிப்பதைத்தான் எழுதுவார்கள். துருவைக்கூட லேபில் பார்த்து எழுதியதில்லை. ஸ்ரீரங்கத்தில் எங்கள் பள்ளி லேப், ப்ளஸ் டூ பிராக்டிகல் பரீட்சைக்குத் திறக்கப்பட்டு, முடிந்ததும் பூட்டப்படுகிற இடம்.

அதை ஒன்பதாம் வகுப்புக்கும் திறந்துவிடுங்கள் என்று ஹெச்.எம். பீமராவிடம் கேட்டுக் கேட்டு எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். ஒரு பிள்ளைக்கு ஒரு கீறல் விழுந்தாலும் லேப் மூடப்படும், பொறுப்பு என்னுடையது. சரி என்றேன். ஒரு சாவி என்னிடம், இன்னொன்று அவர் மேஜை டிராயரில்.

முதல் வகுப்பில் பனிக்கட்டியை உருக்கினோம், மெழுகைக் காய்ச்சினோம். அடுத்த வகுப்பில் நான்கு கிண்ணங்களில் மஞ்சள் தண்ணீர் வைத்தேன். ஒன்றில் சுண்ணாம்பு, ஒன்றில் சோப்புத் தண்ணீர், ஒன்றில் சலவை சோடா. நான்காவதில் கையுறை போட்டுக்கொண்டு, தோலைப் பொசுக்கிவிடுகிற சோடியம் ஹைட்ராக்சைடு ஒரே ஒரு வில்லை. நான்கும் சிவந்தன. எது ஆபத்தானது என்று கேட்டேன். பிள்ளைகள் ஆளுக்கொரு கிண்ணத்தைக் காட்டினார்கள். பொன்மலையிலிருந்து வருகிற சுபஸ்ரீ மட்டும், "பாத்தா தெரியாது மிஸ். என்ன போட்டோம்னு தெரிஞ்சாத்தான் சொல்ல முடியும்" என்றாள். அன்று எனக்கு வயிறு நிறைந்துவிட்டது. ஒரு வருஷத்துக்கு அது போதும்.

அடுத்த மாதம் ஸ்மார்ட் கிளாஸ் திறப்பு விழா. சென்னையிலிருந்து ஒரு அதிகாரி அம்மா வருவதாக ஏற்பாடு. பதினோரு மணிக்கு வரவேண்டியவர், முக்கொம்பு அணையைப் பார்க்கவேண்டும் என்று ஆசைப்பட்டு, முதலிலேயே விழாவை முடித்துவிடலாம் எனத் தங்கியிருந்த இடத்திலிருந்து ஒன்பதரைக்கே கிளம்பிவிட்டார். பள்ளியில் ஒரே களேபரம். நான் வாசலில் பேண்டு வாசிக்கிற பிள்ளைகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். உள்ளே, ஆரத்தித் தட்டு சுபஸ்ரீ கையில். தட்டில் வெறும் மஞ்சள் தண்ணீர்தான் இருந்தது. சுண்ணாம்பு வாங்க மறந்துவிட்டார்கள். பள்ளிக்குப் பக்கத்தில் புகையிலை விற்கக் கூடாது என்று எதிரிலிருந்த வெற்றிலைக் கடையையும் விரட்டியாகிவிட்டது. காவிரிக்கரை அம்மா மண்டபத்தைக் கார் தாண்டிவிட்டதாக போன் வந்தது.

அப்போது ஹெச்.எம்.முக்கு அறிவியல் ஞாபகம் வந்தது. எந்தக் காரத்தைப் போட்டாலும் சிவக்கும் என்று பிள்ளைகள் பேசிக்கொண்டதைக் கேட்டிருக்கிறார். டிராயரிலிருந்து சாவியை எடுத்துப் போய் லேபைத் திறந்து, அலமாரியிலிருந்த வெள்ளை வில்லை டப்பாவை எடுத்து வந்து, மூடியால் அள்ளித் தட்டில் கொட்டினார். சுபஸ்ரீ வேண்டாம் சார் என்றிருக்கிறாள். மிஸ் கையுறை போட்டுத்தான் ஒரே ஒரு வில்லை போட்டாங்க என்றும் சொல்லியிருக்கிறாள். எனக்கே பாடம் எடுக்கிறாயா என்று கேட்டு, அவளை வாசலுக்குத் தள்ளாத குறையாக அனுப்பிவைத்திருக்கிறார். இதெல்லாம் எனக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் அவள் சொல்லித்தான் தெரியும்.

வாசலில் நான் பார்த்தது இவ்வளவுதான். நல்ல ரத்தச் சிவப்பில் ஆரத்தி. சுபஸ்ரீ மூன்று தடவை சுற்றினாள். அதிகாரி அம்மா பொட்டுக்காகக் குனிந்து நெற்றியைக் காட்டினார். இவள் கையை அசைக்கவில்லை. வை, வை என்று ஹெச்.எம். பல்லைக் கடித்தார். அந்த அம்மா நல்லவர்தான். பெண் கூச்சப்படுகிறாள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே, தானே தொட்டு வைத்துக்கொள்ள விரலை நீட்டினார். சுபஸ்ரீ வெடுக்கென்று தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். அத்தனையும் அவள் கைகளில் கொட்டியது.

மங்கல காரியத்தில் ஆரத்தியைக் கொட்டிவிட்டாள் என்று எல்லோரும் பதறினார்கள். அதிகாரி அம்மாவின் முகம் சுருங்கிப்போனது. உருண்டு கிடந்த தட்டில் கரையாத வில்லைகள் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். அவளை இழுத்துக்கொண்டு குழாயடிக்கு ஓடினேன். தண்ணீரை விட்டுக்கொண்டே இருந்தேன். "வழவழன்னு இருக்கு மிஸ்" என்று அழுதாள். விழா நிற்கவில்லை. உள்ளே கைதட்டுகிற சத்தம் குழாயடி வரைக்கும் கேட்டது.

இரண்டு கைகளிலும் தோல் உரிந்துபோயிருந்தது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். சுபஸ்ரீதான் லேபிலிருந்து எடுத்து விளையாட்டாகக் கலந்துவிட்டாள் என்று மறுநாளே பள்ளியில் பேச்சாகிவிட்டது. லேபுக்குப் புதுப் பூட்டு வந்தது. என் சாவியை வாங்கிக்கொண்டார்கள்.

அவளை டி.சி. கொடுத்து அனுப்பப் போகிறார்கள் என்று தெரிந்ததும் நான் ஹெச்.எம். அறைக்குள் போனேன். சுபஸ்ரீயும் அவள் அப்பா சுரேஷ்குமாரும் முன்பே நின்றுகொண்டிருந்தார்கள். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஷிப்ட் முடிந்து அப்படியே வந்திருக்கிறார், சட்டையெல்லாம் கிரீஸ்.

"டப்பாவ எடுத்தது நீங்க சார். அவ வேண்டாம்னு சொன்னா. அந்த அம்மா நெத்தி வேகாம தப்பிச்சது இவளாலதான்" என்றேன்.

பீமராவ் என்னைப் பார்க்கவே இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பதில் சொன்னது சுரேஷ்குமார்தான்.

"மிஸ், நீங்க பேசாம இருங்க. நடந்ததெல்லாம் புள்ள எங்கிட்ட சொல்லிடுச்சு. அது இன்னும் மூணு வருஷம் இங்கதான் படிக்கணும்." பிறகு மகளின் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினார். "கேளும்மா."

"தப்பு பண்ணிட்டேன். மன்னிச்சிடுங்க சார்" என்றாள் சுபஸ்ரீ. கும்பிடுவதற்குக் கட்டுப் போட்ட கைகள் சேரவில்லை. பெரிய மனசு பண்ணி மன்னித்தார் பீமராவ். இனிமேல் அடக்கமாக இரு என்று புத்தியும் சொன்னார். சுரேஷ்குமார் அவருக்கு நன்றி சொன்னார்.

வராந்தாவில் அவள் அப்பா வண்டியை எடுக்க முன்னால் போய்விட, சுபஸ்ரீ என் பக்கத்தில் நின்றாள்.

"நான் தட்ட இழுத்தது தப்பா மிஸ்?"

"இல்லம்மா. நீ செஞ்சதுதான் சரி."

"அப்ப அங்க ஏன் மிஸ் நீங்க அதுக்கு மேல ஒண்ணும் பேசல?"

வெளியே அவள் அப்பா ஹாரன் அடித்தார். போயிட்டு வரேன் மிஸ் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.