பதினான்கு என்றால் எழுபத்தேழு

2024, ஜூன் 2, ஞாயிற்றுக்கிழமை. எங்கள் ஊரான டோலிடோவில் காலை ஒன்பது மணிக்கு வெப்பநிலை அறுபத்து மூன்று டிகிரி ஃபாரன்ஹீட். ஏரிப் பக்கமிருந்து ஈரக்காற்று வீசியது. வானம் மூடிக் கிடந்ததேயன்றி மழை பெய்யவில்லை.

அன்று மாலை எட்டு மணிக்குள், எங்கள் மகள் கொரின் அடுத்த ஆண்டு எந்த லீக்கில் கால்பந்து ஆடுவாள் என்பதை நாங்கள் முடிவு செய்தாக வேண்டியிருந்தது. கிளீவ்லேண்டிலுள்ள பெரிய கிளப் ஒன்று, தனது தேசிய லீக் அணியில் அவளுக்கு இடமளிப்பதாக வெள்ளிக்கிழமை மாலை மின்னஞ்சல் அனுப்பியிருந்தது. அவகாசம் நாற்பத்தெட்டு மணி நேரம். அதற்குள் 'ஏற்கிறேன்' என்னும் பொத்தானை அழுத்தாவிட்டால், அந்த இடம் வேறொருத்திக்குப் போய்விடும்.

என் கணவர் வெண்டல் ஓர் அட்டவணை தயாரித்துக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்தார். இடப்பக்கம் கிளீவ்லேண்ட், வலப்பக்கம் எங்கள் ஊர்க் கிளப். 'கல்லூரிப் பயிற்சியாளர்கள் பார்க்க வருவார்களா?' என்ற வரிக்கு எதிரே இடப்பக்கத்தில் மூன்று நட்சத்திரங்கள் வரைந்திருந்தார். வலப்பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. இரண்டு மணி நேரக் கார்ப் பயணம் என்பதை மிகச் சிறிய எழுத்தில் எழுதியிருந்தார்.

அந்தக் கேள்விக்குறிக்குக் காரணம் உண்டு. அவர் கொரினின் பெயரில் முப்பத்தொரு கல்லூரிப் பயிற்சியாளர்களுக்கு மின்னஞ்சல் எழுதியிருந்தார். "நான் எண் 14. நடுத் தற்காப்பு வீராங்கனை. ஆடுகளத்தில் நான் ஓர் அசைக்க முடியாத தூண்" என்று அது தொடங்கும். ஒருவரும் பதில் எழுதவில்லை. ஒன்பதாம் வகுப்பு மாணவிக்குப் பெரிய பல்கலைக்கழகங்கள் பதில் எழுதக் கூடாது என்பதே விதி. வெண்டலுக்கும் அது தெரியும். ஆயினும் நாள்தோறும் காலையில் மின்னஞ்சல் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் அவர் காபி குடிப்பார்.

பருவத்தின் கடைசி ஆட்டம் பத்து மணிக்குத் தொடங்கியது. பெற்றோர் மடக்கு நாற்காலிகளை விரித்து அமர்ந்தோம். கொரினின் அணித்தோழி ஜோசியின் தந்தை டேரில், வழக்கம்போல் சர்க்கரைத் தூள் தூவிய டோனட் ஒரு பெட்டி கொண்டுவந்திருந்தார்.

"வெண்டல், அங்க பாரு," என்றார் டேரில் தாழ்ந்த குரலில். "மூலைக் கொடி பக்கத்துல. பச்சைத் தொப்பி, கையில நோட்டு."

எங்கள் வரிசை முழுவதும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தது. தொப்பியில் இண்டியானாவிலுள்ள சிறு கல்லூரி ஒன்றின் பெயர் இருந்தது. வெண்டல் கடிதம் எழுதிய முப்பத்தொன்றில் அதுவும் ஒன்று.

"வந்துட்டாங்க! ஹெலன், என் லெட்டருக்கு வந்துட்டாங்க!"

"மெதுவா பேசு. காத்து அந்தப் பக்கம்தான் அடிக்குது," என்றேன்.

இருபதாம் நிமிடத்தில் எதிரணியினர் ஓங்கி அடித்த பந்து கொரினின் முகத்தில் மோதியது. அவள் மூக்கிலிருந்து வழிந்த இரத்தம் சட்டையில் பட்டது. இரத்தக் கறை படிந்த சட்டையுடன் ஆட நடுவர் அனுமதிப்பதில்லை. பஞ்சை மூக்கில் செருகிக்கொண்டு, கிளப்பின் மாற்றுச் சட்டையை அணிந்து அவள் மீண்டும் உள்ளே ஓடினாள். அச்சட்டையின் கைகள் முழங்கைக்குக் கீழும் தொங்கின. முதுகில் இருந்த எண் எழுபத்தேழு.

பச்சைத் தொப்பிப் பெண்மணி தம் கையிலிருந்த தாளைப் பார்த்தார், ஆடுகளத்தைப் பார்த்தார், மறுபடியும் தாளைப் பார்த்தார். பதினான்காம் எண் எங்கும் இல்லை. அவர் நோட்டை மூடினார்.

வெண்டல் எழுந்துவிட்டார்.

"உட்காரு," என்று நான் அவருடைய சட்டையைப் பிடித்தேன். "ஆட்டம் நடக்கும்போது கோச்கிட்டப் போய்ப் பேசற அப்பா யாருன்னு ஊரே பேசும்."

"நான் பேசப் போறதில்ல."

அவர் டோனட் பெட்டியின் மூடியைக் கிழித்து, என் கைப்பையிலிருந்த தடித்த பேனாவினால் '14 = 77' என்று எழுதி, இரு கைகளாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்.

"என்னப்பா, டோனட் விக்க ஆரம்பிச்சிட்டியா?" என்றார் டேரில். "பதினாலு டோனட் எழுபத்தேழு டாலரா? கொள்ளையா இருக்கே!"

வரிசை முழுவதும் சிரித்தது. மூலைக் கொடியருகே அந்தப் பெண்மணியும் வாய்விட்டுச் சிரித்து, நோட்டைத் திறந்தார். ஆடுகளத்தின் நடுவே நின்ற கொரின் அந்த அட்டையைப் பார்த்துவிட்டாள். இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். மறுகணமே மூக்கு வலித்ததால் கைகளை எடுத்துவிட்டாள். அதன் பிறகு அவளைக் கடந்து ஒரு பந்தும் எங்கள் கோலை அடையவில்லை.

ஆட்டம் முடிந்ததும் பெண்மணி எங்களிடம் வந்தார். தம் பெயர் பெக்வித் என்றும், தாம் பயிற்சியளிக்கும் கல்லூரி சிறியதாகையால் யாருடனும் பேசத் தமக்குத் தடையில்லை என்றும் கூறினார்.

"மூக்கு எப்படிம்மா இருக்கு?"

"பெருசா இருக்கு, மேடம்."

"இந்த மெயிலை நீயா எழுதின? 'அசைக்க முடியாத தூண்'?"

கொரின் தந்தையை ஒருமுறை பார்த்தாள். "இல்ல மேடம். நான் தூண்னு எல்லாம் சொல்ல மாட்டேன்."

வெண்டலின் காதுகள் சிவந்தன. டேரில் தம் வாய்க்குள் ஒரு முழு டோனட்டைத் திணித்துக்கொண்டார்.

"உங்க அட்டைதான் சார் உங்க மெயிலை விட நல்லா இருந்துச்சு," என்றார் பெக்வித்.

வெண்டல் விடவில்லை. "மேடம், ஒண்ணே ஒண்ணு. இவ எந்த லீக்ல ஆடினா நீங்க..."

"அதை நான் சொல்ல மாட்டேன் சார். சொன்னா நாளைக்கே ஏதாவது ஒரு கிளப் என் பேரைப் போட்டு விளம்பரம் பண்ணும்." அவர் கொரினிடம் திரும்பினார். "அடுத்த வருஷம் எங்க ஆடப் போறேன்னு நீயே எனக்கு எழுது. ரெண்டு வரி போதும்."

மாலை ஏழரை மணிக்கு வெண்டல் மடிக்கணினியைச் சமையலறை மேசையில் வைத்தார். திரையில் 'ஏற்கிறேன்', 'மறுக்கிறேன்' என்னும் இரு பொத்தான்கள் ஒளிர்ந்தன. அவர் விரல் எந்தப் பொத்தானின் பக்கம் சாய்ந்திருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"அப்பா, அதுக்கு முன்னாடி இதைப் படிங்க," என்று கொரின் தன் கைபேசியை நீட்டினாள். இன்னும் அனுப்பாத மின்னஞ்சல் அது.

"பெக்வித் மேடம், நான் எண் 14. அடுத்த ஆண்டும் இதே மைதானத்தில்தான் ஆடுவேன். ஆட்ட அட்டவணையை ஆகஸ்டில் அனுப்புகிறேன். அட்டையைத் தூக்கிப் பிடித்தவர் என் அப்பா. அவரும் வருவார்."

வெண்டல் அதை இரண்டு முறை படித்தார். "கிளீவ்லேண்டுக்கு எவ்வளவு பெரிய பெரிய யுனிவர்சிட்டி எல்லாம் வரும் தெரியுமா, கண்ணு?"

"தெரியும்ப்பா. ஆனா அங்க இருபத்து நாலு பேர். எனக்கு முன்னாடி மூணு தற்காப்புக்காரங்க இருக்காங்க. டீம் தேர்வுக்குப் போன அன்னைக்கே கோச் சொல்லிட்டாரு, முதல் வருஷம் பொறுமையா இருக்கணும்னு. டீம்ல இருப்பேன், கிரவுண்டுல இருக்க மாட்டேன். நீங்க அங்க வந்து அட்டையில என்ன எழுதுவீங்க?"

அவர் எழுந்து, குளிர்சாதனப் பெட்டியிலிருந்த அட்டவணையை எடுத்து நான்காக மடித்தார். அவ்விடத்தில் டோனட் பெட்டியின் மூடியை ஒட்டினார். சர்க்கரைத் தூள் உதிர்ந்தது.

இந்த முடிவு சரியானதுதானா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் கணினியைக் கொரினின் பக்கம் திருப்பினார் என்பது மட்டும் தெரியும்.

"நீயே அழுத்து," என்றார்.

அவள் 'மறுக்கிறேன்' என்பதை அழுத்தினாள். அப்போது மணி ஏழு ஐம்பத்திரண்டு.