தாடை கூசும் புளிப்பு

நாக்கின் ஓரங்கள் புளிப்புக்கு ஏங்க, கடையின் ஓர் அடுக்கிலிருந்து அடுத்த அடுக்குக்கு நகர்கிறேன், பிஸ்கட், பால், டப்பா மீன், எதைப் பார்த்தாலும் வயிற்றைப் புரட்டுகிறது, வெளியே ஸ்காட்லாந்தின் அபர்தீன் மழை சாய்வாக அடிக்கிறது, அதற்கும் அப்பால் நடுக்கடலில் எண்ணெய்க் கிணற்று மேடையில் என் கணவர் தணிகைவேல், அவருக்கு இன்னும் சொல்லவில்லை, யாருக்குமே சொல்லவில்லை, போன வருஷம் நாள் தள்ளிய சந்தோஷத்தில் எல்லோருக்கும் சொன்னோம், அம்மா பச்சைக் கண்ணாடி வளையல்கூட வாங்கி வைத்துவிட்டாள், ஒரு காலையில் எல்லாம் கலைந்து போனது, அதற்கப்புறம் போனில் யார் வந்தாலும் அங்கே மழையா, குளிரா, அதோடு வைத்துவிடுகிறார்கள், அவரும்தான்.

புளிப்புக்குத் தெரிந்த ஒரே ஆங்கிலச் சொல்லில், சவர் என்று கேட்டேன், கல்லாவில் இருந்த மோராக் அம்மாள் ஒரு கிண்ணத்தை நீட்டினாள், திறந்தால் புளித்த பாலேடு, இல்லை இல்லை, எலுமிச்சையா, அதன் வாசனையே குமட்டுகிறது, எனக்கு வேண்டியது கிளிமூக்கு மாங்காயைக் கடித்ததும் காதடியில் ஒரு கூச்சம் ஓடுமே அது, ஆங்கிலத்தில் வராமல் தாடையைத் தொட்டுக் காட்டுகிறேன், ஓ, டேங்கி, என்கிறாள், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிதான் எனக்குத் தோன்றுகிறது, விழிக்கிறேன், அவள் ஒரு கண்ணை இறுக்கி மூடி, நாக்கைச் சொடுக்கி, உடனே இன்னும் கொடு என்பதுபோல் கையை நீட்டினாள், புரிந்துவிட்டது, முகத்தைச் சுளிக்க வைத்துவிட்டு மறுபடியும் கேட்க வைக்கும் புளிப்பு, மழையிலேயே கொல்லைக்குப் போய்ச் சிவப்பாக ஒரு தண்டை ஒடித்து வந்தாள், ருபார்ப் என்றாள், இலையை நறுக்கி எறிந்துவிட்டுச் சர்க்கரையில் தோய்த்துத் தந்தாள், கடித்தேன், கண்ணில் நீர் முட்டியது, இன்னொரு கடி, இன்னொரு கடி, அவள் பார்வை மெல்ல இறங்கி என் வயிற்றில் நின்றபோதுதான் என் கை அங்கே இருப்பது எனக்கே தெரிந்தது, எத்தனை வாரம் என்று கேட்டாள், பயமாயிருக்கிறது என்றேன், கேட்டதற்குப் பதில் அதுவல்ல, ஆனாலும் அவள் ஒன்றும் ஆகாது என்று சொல்லவில்லை, நாளைக்குக் கடையைச் சாத்திவிட்டு டாக்டரிடம் நானும் கூட வருகிறேன் என்றாள்.

சாயங்காலம் அவர் போன் வந்தது, காற்று இரைச்சலுக்குள் அவர் குரல், சாப்ட்டியாம்மா, ஒரு தண்டு தின்னேங்க, டேங்கியா இருந்துச்சு, அப்படின்னா என்ன, புளிப்புங்க, வேணும் வேணும்னு இருக்கிற புளிப்பு, அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்தும் சத்தம், காற்று இரைச்சல் குறைந்தது, டாக்டரைப் பாத்தியா, என்றார், சின்னப் பிள்ளை கேட்பதுபோல், நாளைக்கு, கடைக்காரம்மா கூட வராங்க, ஊருக்குச் சொல்லிட்டியா, இல்லைங்க, சரி, நானும் சொல்லமாட்டேன், சொல்ல வேணாம், இப்ப வேணாம், என்றவர் ஏதோ சொல்ல வந்து முடியாமல் மூக்கை உறிஞ்சினார், போன வருஷமும் இப்படி அழுதிருப்பாரோ, எனக்குத் தெரியாமல், அங்கே தனியாக, நீங்க ஒண்ணும் பேச வேணாங்க, வைக்காம மட்டும் இருங்க, என்றேன், அவர் வைக்கவில்லை.