மூன்றாம் மேசையில் கொம்பையாவின் முழங்கால்

எங்கள் ஊர்க் கபடி வீரருக்குக் காயம் பட்டால், காயம்பட்ட உறுப்பைக் கழற்றி மன்றத்து வாசிப்பறையின் மூன்றாம் மேசையில் வைப்பது வழக்கம். முதல் மேசை நாளிதழ்களுக்கு உரியது. இரண்டாவது வார இதழ்களுக்கு. மூன்றாம் மேசையில், நான்காக மடித்த வெள்ளைத் துண்டின்மேல், உறுப்பு இருக்கும். காலை ஏழு மணி முதல் மாலை ஏழு மணி வரை யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். தொட்டும் பார்க்கலாம். எண்ணெய் தடவுவதென்றால் மட்டும் எங்கள் பயிற்சியாளர் ஜெபராஜ் மாஸ்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வடலிக்குளம் வெண்தாமரைக் கபடி மன்றம் தன் ரசிகர்களிடம் எதையும் மறைப்பதில்லை. நாற்பத்தோராண்டுகளுக்கு முன்பு ஒருமுறை மறைத்தது. கணுக்கால் முறிந்திருந்த வீரர் ஒருவரை, முறிவு தெரியாத ரசிகர்கள் கைதட்டிக் களத்துக்குள் அனுப்பிவிட்டார்கள். அவர் விழுந்த பிறகு, தட்டிய கைகளை என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. சிலர் கைகளை உடம்பில் படாமல் விரித்துப் பிடித்தபடியே வீடு சேர்ந்தார்களாம். மறுநாளே மன்றம் தீர்மானம் நிறைவேற்றியது: ‘ரசிகர் அறியாத வலி நம் குழுவில் இராது.’ அந்த வாசகம் வாசிப்பறையின் கிழக்குச் சுவரில் பச்சை எழுத்தில் இருக்கிறது. மேற்குச் சுவரில் ‘அமைதி காக்கவும்’ என்ற பலகை தொங்குகிறது. நாற்பத்தோராண்டுகளாக இரண்டையும் நாங்கள் மீறியதில்லை.

காயச் செய்தி முதலில் ரசிகர்களுக்குச் சேரும். அடுத்துத் தேர்வுக்குழுவுக்கு. வீரருக்குக் கடைசியாகத் தெரிவிக்கப்படும்.

நான் மன்றத்தின் பதிவேட்டாளன். உறுப்பைப் பார்க்க வருகிறவர்கள் அது எப்படி அடிபட்டது என்று சொல்வார்கள். சொன்னவர் பெயர், தெரு, சொன்ன நேரம் ஆகியவற்றுடன் அவர் சொன்னபடியே எழுதிக்கொள்வேன். எவர் கூற்றும் பிழையென்று தள்ளப்படுவதில்லை. கூற்றுகள் வேறுபடும் இடங்களை அப்படியே விட்டுவிடுவேன். எல்லாக் கூற்றுகளும் ஒத்துப்போகும் இடம் எதுவோ, அதுவே நடந்ததாகச் சிவப்பு மையில் பதிவாகும். பதிவேட்டாளன் தன் கண்ணால் கண்டதைச் சேர்ப்பது வழக்கமில்லை. இதுவரை பதினான்கு தொகுதிகள் நிறைந்திருக்கின்றன. மாவட்டத்தில் வேறெந்த மன்றத்திடமும் ஒரு தொகுதிகூடக் கிடையாது.

மாவட்ட இறுதியாட்டத்துக்குப் பதினேழு நாள்களுக்கு முன்பு கொம்பையாவின் வலது முழங்கால் மேசைக்கு வந்தது.

கொம்பையா எங்கள் முதன்மைப் பாடுபவர். ஒரே மூச்சில் கபடி, கபடி என்று பாடிக்கொண்டு எதிரணியின் பக்கம் சென்று, ஆளைத் தொட்டு, மூச்சு அறுபடுமுன் நடுக்கோட்டுக்குத் திரும்பும் அந்த வேலையில் அவருக்கு நிகராக ஒருவரை நான் பதிவு செய்ததில்லை. அவருக்கு முப்பத்தாறு வயது. இந்த ஆட்டத்தோடு விலகுவதாகச் சொல்லியிருந்தார். எதிர்த்து ஆடவேண்டியது கூத்தன்விளை அணி. அவ்வூரார் காயங்களை மறைப்பவர்கள். அங்கே எவருக்கும் அடிபடுவதே இல்லை. ஆனால் ஆண்டுக்கு இரண்டு மூன்று பேர் குறைந்துவிடுவார்கள்.

முழங்காலைத் துண்டின்மேல் வைத்தவர் திரவியம். முழுப்பெயர் ஞானதிரவியம். மினி பஸ் நடத்துநர்; ஒன்பது ஆண்டுகளாக எங்கள் மாற்று வீரர். அவருடைய பஸ் மன்றத்து வாசலில் ஏழு நிமிடம் நிற்கும். அந்த ஏழு நிமிடத்தில் மூன்றாம் மேசையைத் துடைத்துவிட்டுப் போவார். மாற்று வீரராகவே இருந்ததால் ஒருமுறைகூடக் களத்தில் இறங்கியதில்லை. அவருடைய நகம்கூட அந்த மேசைக்கு வந்ததில்லை.

“நல்ல முழங்கால் அண்ணாச்சி,” என்றார் அன்று, துண்டின் மடிப்பைச் சரிசெய்தபடி. “ஊரே வந்து பாக்கும்.”

ஊரே வந்தது. கீழத்தெருவார், களத்தில் தெளித்த தண்ணீர் காயாததால் வழுக்கியது என்றார்கள். சந்தைக்காரர்களின் கூற்றில் இரண்டு பேர் சேர்ந்து காலை வாரினார்கள். தையற்கடையில் அது மூன்று பேராயிற்று. பள்ளிவாசல் தெருவில், கொம்பையா தானாகவே திரும்பியபோது முழங்கால் மட்டும் திரும்ப மறந்துவிட்டது. மீன் விற்கும் மாடத்தியக்கா, ஒரு நாயைத் தாண்டியபோது நேர்ந்தது என்றார். நாய் என்ன நிறம் என்று கேட்டு எழுதிக்கொண்டேன்.

பதினோராம் நாள், திங்கட்கிழமை, இருபத்துமூன்று கூற்றுகளையும் அடுத்தடுத்து வைத்து ஒப்பிட்டேன். முழங்கால் எப்படி மடங்கியது என்பதில் இருவர்கூட ஒத்துப்போகவில்லை. ஆனால் வழுக்கியவரும், வாரப்பட்டவரும், நாயைத் தாண்டியவரும் விழுமுன் ஒன்றைச் செய்திருந்தார்கள். இடது கையை ஊன்றியிருந்தார்கள். ஊன்றிய பின் அந்தக் கை தோளோடு ஒருமுறை அசைந்தது என்பதையும் இருபத்துமூன்று பேரும் போகிறபோக்கில் சொல்லியிருந்தார்கள். அதைச் சொன்னது அவர்கள் எவருக்கும் நினைவில்லை.

இடது தோள் மேசைக்கு வரவில்லை.

மன்ற விதிகளில் ஒன்று உண்டு. ஒரே வீரரின் இரண்டு உறுப்புகள் மேசையில் இருந்தால், அவர் பெயரை ஆடுவோர் பட்டியலில் எழுதக்கூடாது. முழங்கால் தேறி வந்தது. அதை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் கொம்பையா இறுதியாட்டத்தில் இறங்கலாம். தோளும் வந்தால் முடியாது. ‘இடது தோள்’ என்று சிவப்பு மையில் எழுதி, முறைப்படி அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். ரசிகர்கள் படித்தார்கள். பிறகு தேர்வுக்குழுவினர் வந்து படித்தார்கள். நான்கு மணிக்குக் கொம்பையாவுக்கு ஆள் அனுப்பினோம்.

ஊன்றுகோலுடன் வந்தார். கழுத்தில் ஒரு மஞ்சள் பை தொங்கியது.

“யாரு அண்ணாச்சி கண்டுபிடிச்சது?”

“யாரும் கண்டுபிடிக்கலை. இருபத்துமூணு பேரு சொல்லியிருக்காங்க.”

“அவனுவளுக்கே தெரியாமலா?”

“ஆமா.”

சிரித்தார். பைக்குள் கைவிட்டுத் தோளை எடுத்துத் துண்டின் மறுபாதியில் வைத்தார். “பதினோரு நாளா சட்டைக்குள்ளயே கெடந்து வேர்த்துப்போச்சு. கொஞ்சம் காத்தாட இருக்கட்டும்.”

மாடத்தியக்கா வாசலிலேயே கூடையை இறக்கி வைத்துவிட்டு உள்ளே வந்தார். “ஏல கொம்பையா, எங்ககிட்டயேவா மறைச்ச?”

“கடைசி ஆட்டம்லா யக்கா.”

“கடைசி ஆட்டம்னா? கடைசி மீனுன்னு நான் கூடைய மூடி வச்சுக்கிட்டா விக்கேன்? செவுளத் தூக்கிக் காட்டித்தானல விக்கேன்?”

கொம்பையா கிழக்குச் சுவரைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். அக்கா முந்தானையால் தோளின் வியர்வையைத் துடைத்துவிட்டு, துண்டின் நடுவில் நன்றாக நகர்த்தி வைத்தார்.

புதன்கிழமை தேர்வுக்குழு வாசிப்பறையிலேயே கூடியது. எங்கள் தேர்வுக்குழு கதவைச் சாத்திக்கொள்வதில்லை. ரசிகர்கள் சன்னல் வரை நின்றார்கள். ஜெபராஜ் மாஸ்டர் திரவியத்திடம், பலகையின் அமைதி கெடாதபடி, விசிலை மெதுவாக ஊதச் சொன்னார். நடத்துநர் விசில் ஒலித்ததும் முழங்கால் மேசையின் விளிம்பு வரை நகர்ந்து, நின்று, பதமாக மடங்கி நிமிர்ந்தது. சன்னலோரம் எல்லோரும் அதைக் கண்டார்கள். முழங்கால் தகுதி பெற்றதாகக் குறிக்கப்பட்டது.

“முழங்காலு ஆடலாம்,” என்றார் மாஸ்டர். “கொம்பையா ஆட முடியாது. விதி இருக்கு.”

“அப்போ யாரு போட்டுக்கிட்டு ஆடுவா?” என்று சன்னலிலிருந்து ஒருவர் கேட்டார்.

மாஸ்டர் சுற்றிலும் பார்த்தார். திரவியம் அப்போது துண்டின் மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார். பட்டியலில் ஏழாவது பெயராகத் திரவியமும், அதன் கீழ் சற்று உள்தள்ளிய வரியாகக் கொம்பையாவின் வலது முழங்காலும் எழுதப்பட்டன. கொம்பையா தாமாகவே முழங்காலை எடுத்துத் திரவியத்திடம் கொடுத்தார்.

“எடப்பக்கம் பொய்க்குக் காட்டும். நம்பிப் போயிராத. கடைசியில வலப்பக்கம்தான் போகும்.”

“சரிண்ணே.”

“மூச்சு எப்படி ஒனக்கு?”

“சின்ன மூச்சுதாண்ணே. டிக்கெட் கேக்குற அளவுக்கு வரும்.”

ஞாயிற்றுக்கிழமை மாவட்ட மைதானத்தில் ஆட்டம். திரவியம் தம் முழங்காலைக் கழற்றி நடத்துநர் பையில் பயணச்சீட்டுக் கட்டுகளுக்கு இடையில் வைத்துவிட்டு, கொம்பையாவின் முழங்காலுடன் இறங்கினார். கொம்பையாவை மாடத்தியக்காவின் மீன்வண்டியில் அழைத்து வந்து, சுண்ணாம்படித்த பார்வையாளர் படிக்கட்டின் நான்காவது வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் உட்கார்த்தினோம். ஆட்டத்துக்கு முன்பு ஒலிபெருக்கியில் எங்கள் காயப்பட்டியலை முழுமையாக வாசித்தேன். ஒரு சுளுக்கு, இரண்டு சிராய்ப்பு, மேசையில் ஒரு தோள். எங்கள் ரசிகர்கள் எழுந்து நின்று கேட்டார்கள். கூத்தன்விளையாரிடம் ஒலிபெருக்கியை நீட்டியபோது தங்களிடம் படிக்க ஒன்றுமில்லை என்றார்கள். அவர்கள் ஏழு பேரில் ஒருவர் துண்டால் தலையிலிருந்து இடுப்புவரை மூடியிருந்தார்.

கடைசிப் பாட்டு மீதமிருந்தபோது இரு அணியும் முப்பத்தொன்றில் நின்றன. திரவியம் போனார். முழங்கால் இடப்பக்கம் பொய் காட்டியது, அவர் நம்பவில்லை. வலப்பக்கம் பாய்ந்து துண்டு மூடியவரைத் தொட்டார். திரும்புகையில் இருவர் இடுப்பைப் பிடித்துவிட்டார்கள். நடுக்கோட்டுக்கு இரண்டு முழம் இருக்கும்போது அவர் மூச்சு தீர்ந்தது. கபடி என்ற சொல்லின் முதல் எழுத்தோடு வாய் நின்றுபோனது.

மீதி எழுத்துகள் நான்காவது வரிசையிலிருந்து வந்தன. கொம்பையா தூணைப் பிடித்துக்கொண்டு, அதே மூச்சில், அதே தாளத்தில் பாடிக்கொண்டிருந்தார். முழங்கால் அந்தக் குரலை அறிந்திருந்தது. இருவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கோட்டைத் தாண்டியது.

நடுவர் தூண் பக்கம் காதைக் கொடுத்துக் கேட்டார். பிறகு குனிந்து முழங்காலைப் பார்த்தார். “பாட்டு அறுபடவில்லை,” என்று குறித்துக்கொண்டு வெற்றியை எங்களுக்கு அளித்தார்.

மறுநாள் திங்கட்கிழமை, ஆட்டம் எப்படி வெல்லப்பட்டது என்று சொல்ல ஊர் திரண்டது. அறுபத்தெட்டுக் கூற்றுகள் சேர்ந்தன. மன்றத்தின் வரலாற்றில் இவ்வளவு சேர்ந்ததில்லை. பிடித்தவர்கள் இரண்டு பேர் என்றும், ஐந்து பேர் என்றும், கூத்தன்விளையின் பெஞ்சும் சேர்ந்து பிடித்தது என்றும் கூற்றுகள் கிளைத்தன. மாடத்தியக்காவின் கூற்றில் அதே நாய் மீண்டும் வந்தது. ஒத்துப்போன இடங்கள் இரண்டுதான். கடைசியாகப் பாடிப்போய்க் கோட்டைத் தாண்டியது கொம்பையா. இடது தோள் இல்லாமலே தாண்டினார். கோட்டருகே அறுபட இருந்த மூச்சைப் பாடி முடித்தவர், நான்காவது வரிசையில் தூணருகே இருந்தவர். அறுபத்தெட்டுப் பேரும் இரண்டையும் சொன்னார்கள். திரவியத்தின் மனைவியும் அதையே சொன்னார்.

நான் கண்டது வேறு. அது பதிவேட்டுக்குரியதன்று.

மாலை ஐந்து மணிக்குச் சிவப்பு மையில் எழுதினேன்: கொம்பையா, பட்டியலில் பெயர் எழுதப்படாமல் ஆடி, வென்றார். விதி பெயரை எழுதுவதை மட்டுமே தடுப்பதால் மாஸ்டரும் கையெழுத்திட்டார்.

ஐந்தேகாலுக்குக் கொம்பையா ஊன்றுகோல் இல்லாமல் நடந்து வந்தார். இரண்டு முழங்கால்களிலும் மைதானத்துச் செம்மண் அப்பியிருந்தது. “கால் கடுக்கு அண்ணாச்சி. நல்லா ஓடிருக்கேன் போல,” என்றார். மேசைக்குப் போய்த் தோளை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு நாள் இருக்கட்டும் என்று சொல்லிப் போனார்.

ஐந்தரைக்கு மினி பஸ் வாசலில் நின்றது. திரவியம் வந்தார். தம் நடத்துநர் பையைத் திறந்து காட்டினார். உள்ளே பயணச்சீட்டுக் கட்டுகள் மட்டும் இருந்தன. அவருடைய முழங்கால் அவர் காலிலேயே இருந்தது. அதில் மண் இல்லை.

“அப்போ நான் எங்க அண்ணாச்சி இருந்தேன்?” அவர் குரல் கரகரத்து, பாதி காற்றாக வந்தது.

பதிவேட்டைப் புரட்டினேன். “தாண்டுனது கொம்பையான்னா, நீங்க நாலாவது வரிசை. தூணு பக்கத்துல.”

கால்சட்டையின் பின்பக்கத்தைத் தட்டினார். படிக்கட்டின் சுண்ணாம்புத் தூள் உதிர்ந்தது. தலையசைத்தார்.

“நான் பாடுனேனா?”

“கடைசி மூச்சு உங்களதுதான்னு வருது.”

“அதான் இப்படிக் கட்டிக்கிச்சு,” என்றார். கழுத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு மூன்றாம் மேசைக்குப் போய், துண்டைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டு, தொண்டையைக் கழற்றித் தோளுக்குப் பக்கத்தில் வைத்தார். ஒன்பது ஆண்டுகளில் அவருடைய முதல் உறுப்பு. இரண்டடி பின்வாங்கி அதைப் பார்த்தார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தினார். பஸ்ஸிலிருந்து பயணிகள் ஒவ்வொருவராக இறங்கி உள்ளே வந்து வரிசையில் நின்றார்கள். முதலில் வந்தவர் ஓட்டுநர்.

நான் பதினைந்தாம் தொகுதியைத் திறந்தேன்.

தொண்டை மேசையின்மேல் இன்னும் பாடிக்கொண்டிருந்தது. அதே மூச்சு, நேற்று எடுத்தது. நாளிதழ் மேசையில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். துண்டின் நுனியால் அதைச் சற்று மூடலாமா என்று ஓட்டுநர் கேட்டார். மூடுவது மறைப்பதாகும் என்றேன். மாஸ்டர் ஸ்டூலை எடுத்துவந்து மேற்குச் சுவரோரம் போட்டார். திரவியம் அதன்மேல் ஏறி, ‘அமைதி காக்கவும்’ பலகையை ஆணியிலிருந்து கழற்றி என்னிடம் கொடுத்தார்.